உலக்கை போன வழி

எங்கள் பக்கத்துப் பூமியைத் தோண்டினால் மூன்று பொருள் கிடைக்கும். மேலே களிமண், அதன் கீழே பழுப்பு நிலக்கரி, அதற்கும் கீழே துளை போட்டால் தானாகப் பொங்கி ஏறும் அழுத்தத்தோடு தண்ணீர். களிமண் விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளுக்குப் போனது. கரி நெய்வேலி அனல்மின் நிலையத்துக்குப் போனது. சுரங்கம் மூழ்கிவிடாமல் இருக்கத் தண்ணீரை இரவும் பகலும் இறைத்து வெளியேற்றுகிறார்கள். இந்தச் சூளைகளுக்கும் சுரங்கங்களுக்கும் நடுவில் கிடக்கிறது கம்மாபுரம்.

இந்த மண்ணின் தொழில் வரலாறு நன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது. 1930களில் தன் நிலத்தில் கிணறு வெட்டும்போது கரிய பொருளைக் கண்ட ஜம்புலிங்க முதலியார், 1956இல் பிறந்த நெய்வேலி நிறுவனம், 1957 மே 20 அன்று நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தது, 1961 ஆகஸ்டில் கரி கண்ணுக்குத் தெரிந்தது, 1962இல் சோவியத் உதவியோடு கட்டிய நிலையத்தில் முதல் மின்சாரம். பள்ளிக்கூடத்தில் இவற்றை மனப்பாடம் செய்தோம். சக்கரத்தில் வாளிகள் கோத்த ராட்சத ஜெர்மன் எந்திரத்தின் படமும் பாடத்தோடு வரும். அதன் அடியில் நிற்கும் மனிதர் எறும்பு அளவு இருப்பார். அவரும் ஆண்தான்.

என் கேள்வி அந்தப் படத்தைவிடச் சின்னது. அந்த மின்சாரம் கம்பி வழியாக ஊருக்குள் வந்தபோது யார் கையிலிருந்து எந்த வேலையை வாங்கியது? யார் கையில் எதைக் கொடுத்தது?

நிலத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அது சுருக்கமான கதை. சுரங்கத்துக்கு நிலம் எடுத்தது 1894ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் சட்டத்தின்படி. நிலத்தில் உரிமை உள்ளவருக்கே இழப்பீடு. உரிமை பட்டாவில் இருந்தது, பட்டா ஆண் பெயரில் இருந்தது. அதே வயலில் இருபது முப்பது வருடம் நாற்று நட்டு, களை பறித்து, கதிர் அறுத்த பெண்ணுக்கு அந்தச் சட்டத்தில் பெயரே கிடையாது. நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு வேலை என்ற பேச்சு வந்தபோதும் அந்த ஒருவர் மகன் அல்லது மருமகன். தமிழ்நாட்டில் பெண்ணுக்குப் பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை 1989இல்தான் வந்தது. அதற்கு முன் கல்யாணமாகிப் போனவளுக்கு அதுவும் இல்லை. கூலிக்காரர்களையும் பாதிக்கப்பட்டோர் என்று ஒத்துக்கொள்ளும் சட்டம் வர 2013 ஆனது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் பயிர் நின்ற வயலுக்குள் மண் வெட்டும் எந்திரங்கள் இறங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்து ஊரே பதறியது. அப்போதும் விவாதம் முழுக்க நிலத்தின் சொந்தக்காரர், ஏக்கர், விலை பற்றியே ஓடியது. அந்த வயலில் அடுத்த பட்டம் நடவுக்குப் போகவிருந்த பெண்களைப் பற்றி ஒரு வரி பேச ஆளில்லை.

இனி உலக்கைக்கு வருகிறேன்.

நெல் குத்துவது வீட்டு வேலை என்றுதான் நம் நினைவில் இருக்கிறது. ஆனால் என் ஆயா காலத்தில் அது கூலி வேலையும்தான். நிலம் உள்ள வீட்டில் நெல்லை அவித்துக் காயவைத்திருப்பார்கள். ஓர் உரலுக்கு இரண்டு பேர், கை தேர்ந்தவர்கள் என்றால் மூன்று பேர். ஒருத்தி உலக்கை தூக்கும்போது இன்னொருத்தியுடையது இறங்க வேண்டும். தாளம் தப்பினால் உலக்கையோடு உலக்கை மோதும். குத்தி, முறத்தில் புடைத்து, உமி நீக்கி, மறுபடி குத்தித் தீட்டி, குருணை வேறு அரிசி வேறாகப் பிரித்துக் கொடுத்தால் கூலி அரிசியாக வரும். குருணையிலும் தவிட்டிலும் ஒரு பங்கு வரும். குருணை அன்றிரவு கஞ்சி. தவிடு கோழிக்கும் மாட்டுக்கும். நடவும் அறுப்பும் இல்லாத மாதங்களில் கூலிக்காரப் பெண்ணின் வீட்டில் அடுப்பு எரிந்தது இந்த உலக்கையால். புருஷன் இல்லாதவள், இருந்தும் இல்லாதவள், நாலு பிள்ளையோடு விடப்பட்டவள், இவர்களுக்கு யாரையும் கேட்காமல் கிடைத்த ஒரே வேலையும் அதுதான்.

அதைச் சுகமான வேலை என்று சொல்ல மாட்டேன். ஆயாவின் உள்ளங்கை கடைசிவரை உலக்கையின் வடிவத்துக்கே மடங்கிக் கிடந்தது. பிள்ளை பெற்ற மாதமே குத்தப் போய் அடிவயிறு இறங்கிய பெண்கள் உண்டு. தமிழ் இலக்கியம் வள்ளைப்பாட்டு என்று இந்த வேலையின் பாட்டை எடுத்துப் பாதுகாத்தது, சிலப்பதிகாரத்திலும் அது இருக்கிறது. வேலையின் கூலி என்ன என்பதை எந்தப் புலவரும் எழுதி வைக்கவில்லை.

பிறகு மில் வந்தது. மின்சாரம் வருவதற்கு முன்பே டீசல் எஞ்சினில் ஓடிய ஹல்லர் மில்கள் பெரிய ஊர்களில் இருந்தன. கம்பி வந்ததும் சின்ன ஊர்களுக்கும் பரவின. ஒரு மூட்டை நெல்லுக்கு ஒரு நாள் ஆன இடத்தில் சில நிமிடம் போதும் என்றானது. ஓட்டுபவர் ஆண், சொந்தக்காரர் ஆண், பெல்ட் மாட்டுபவர் ஆண். ஹல்லரில் உமியும் தவிடும் நொறுங்கிய குருணையும் ஒன்றாகக் கலந்து பின்பக்கம் கொட்டும். அந்தக் குவியல் மில்காரருக்குச் சொந்தம் என்று ஆனது. உரலைச் சுற்றி இருந்தபோது அதே தவிடு பெண்ணின் கூலியில் ஒரு பகுதி. கடைசியில் கோழிக்குப் போடத் தவிடு வேண்டுமென்றால் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது.

மில்லுக்குள் பெண்களே இல்லை என்றும் சொல்ல முடியாது. நெல் அவிக்கவும், களத்தில் வெயிலில் பரப்பிக் காலால் துழாவிக் காயவைக்கவும், கூட்டிப் பெருக்கவும் பெண்கள் இருந்தார்கள், குறைந்த கூலிக்கு. பிற்காலத்தில் திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கத்து அரிசி ஆலைக் களங்களிலிருந்து இருளர் குடும்பங்களைக் கொத்தடிமைகளாக மீட்டார்கள் என்று செய்தி படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. எந்திரம் எடுத்துக்கொள்ளாத மிச்ச வேலை எப்போதும் ஆகக் கீழே இருப்பவரிடம்தான் வந்து சேர்கிறது.

இது எங்கள் ஊருக்கு மட்டும் நேர்ந்ததில்லை. வங்காளத்தில் காலால் மிதிக்கும் டெங்கியில் நெல் குத்திப் பிழைத்த பெண்களை, அரிசி ஆலைகள் வந்து எப்படி வேலையிலிருந்து வெளியேற்றின என்று முகுல் முகர்ஜி 1983இல் ஒரு கட்டுரை எழுதினார். அவர்களிலும் விதவைகள் அதிகம். அதைப் படித்த பிறகுதான் என் ஆயாவுக்கு நேர்ந்ததை வெறும் குடும்பக் கதை என்று நினைப்பதை விட்டேன்.

உலக்கைக்கு ஆதரவாகவும் பேசியவர்கள் இருந்தார்கள். தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா, காந்தி 1934இல் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தை நடத்தியவர். மில் அரிசி சத்தை உரித்து எறிகிறது, கூடவே லட்சக்கணக்கானவர்களின் வேலையையும் எறிகிறது என்று விடாமல் சொன்னார். சத்து விஷயத்தில் அவர் சொன்னது சரி. தீட்டிய பச்சரிசி தின்ற பகுதிகளில் பெரிபெரி நோய் பரவியதைக் குன்னூர் ஆய்வுக்கூடத்தினர் ஆராய்ந்திருக்கிறார்கள். புழுங்கல் அரிசி தின்றதால் நம் பக்கம் ஓரளவு தப்பித்தது. வேலை விஷயத்திலும் அவர் சொன்னது சரிதான். கைக்குத்தலைக் காப்பாற்ற 1958இல் மத்திய அரசு அரிசி ஆலைகளை ஒழுங்குபடுத்தும் சட்டம்கூடக் கொண்டுவந்தது. புதிய ஆலைக்கு உரிமம் வேண்டும், அந்த வட்டாரத்தில் கைக்குத்தல் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும் என்றது. ஆலைகள் பெருகியபடியே இருந்தன, 1990களில் சட்டமே போய்விட்டது. எனக்குக் குமரப்பாவோடு ஒரு மனத்தாங்கல் உண்டு. உலக்கையை அவர் ஒரு தொழிலாகப் பார்த்தார். அதைத் தூக்கும் கை யாருடையது, அந்தக் கைக்காரி அதை விரும்பித் தூக்குகிறாளா, அவளுடைய சாதிக்கு வேறு வேலை கிடைக்குமா என்ற கேள்விகள் அந்தக் கிராமப் பொருளாதாரத்தில் சத்தமில்லாமல் கிடக்கின்றன.

மறுபக்கம் பெரியார். 1940களில் அவர் எழுதிய ‘இனிவரும் உலகம்’ எந்திரத்தைக் கைநீட்டி வரவேற்றது. உடலுழைப்பு சுருங்கிவிடும், பிள்ளை பெறுவதற்கு ஆண் பெண் சேர்க்கைகூடத் தேவைப்படாது என்றெல்லாம் அவர் துணிந்து எழுதியதைப் படித்து வளர்ந்த பெண்களில் நானும் ஒருத்தி. பழமையை நினைத்து உருகுகிறவர்களை இன்றும் சந்தேகத்தோடு பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். ஆனால் அவர் கண்ட உலகம் தனியுடைமை ஒழிந்த உலகம். எங்கள் தெருமுனைக்கு வந்த மில்லுக்கு முதலாளி இருந்தார், அவருக்குச் சாதி இருந்தது, அவர் வீட்டுக் கொல்லைப்புறத்துக்கு ஆயா கேட்காமல் போக முடியாது.

இருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எங்கள் வட்டாரத்தில் எந்திரங்கள் வந்த வரிசையைப் பார்த்தால் ஒன்று திரும்பத் திரும்பத் தெரிகிறது. பெண் கூலி வாங்கிச் செய்த வேலைக்குள் எந்திரம் நுழைந்தால், அந்த வேலை ஆணின் கைக்குப் போகிறது. பெண் கூலியில்லாமல் செய்யும் வேலைக்குள் எந்திரம் நுழைந்தால், அந்த வேலை பெண்ணின் கையிலேயே நிற்கிறது. நெல் அரைக்க ஆண் வந்தான். மாவு அரைக்க எந்த ஆணும் வரவில்லை.

மாவு அரைக்கும் எந்திரத்தின் கதை மில் கதைக்குக் கொஞ்சம் பின்னால் தொடங்குகிறது. கோயம்புத்தூரில் பி. சபாபதி என்பவர் 1955இல் ஆட்டுக்கல்லை மோட்டாரோடு இணைத்துக் கிரைண்டர் செய்தார். மும்பையில் எஸ்.பி. மாத்தூர் என்ற பொறியாளர், மனைவி மாதுரியின் வெளிநாட்டு மிக்சி நம் ஊர் அரைப்பைத் தாங்காமல் பழுதானதால், 1963இல் சுமித் மிக்சியை உருவாக்கினார். அதே 1960களில் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியைத் தூளாக்கி, அழுத்திச் சுட்டு, புகை வராத அடுப்புக் கரியாக லெக்கோ என்ற பெயரில் விற்றார்கள். அது முதலில் எரிந்தது நகரத்து நடுத்தரச் சமையலறைகளில். நிலக்கரிக்காக நிலம் இழந்த ஊர்களில் பெண்கள் முந்திரித் தோப்பில் சருகு கூட்டி, சுள்ளி பொறுக்கி, புகையில் கண் எரிந்தபடி சமைத்தார்கள். எங்கள் பக்கத்துப் பெண்கள் சிலர் மிக்சியையும் கேஸ் அடுப்பையும் முதலில் தொட்டது நெய்வேலி டவுன்ஷிப் வீடுகளுக்குப் பாத்திரம் தேய்க்கப் போனபோது. வேறொருத்தியின் மிக்சியைக் கழுவித் துடைப்பதுதான் நவீனத்தோடு அவர்களுக்குக் கிடைத்த முதல் அறிமுகம்.

சொந்த மிக்சி 2011க்குப் பிறகு வந்தது. அந்த வருடத் தேர்தலில் ஒரு கட்சி மிக்சி அல்லது கிரைண்டர் என்றது, இன்னொரு கட்சி இரண்டும் தருகிறோம், மின்விசிறியும் தருகிறோம் என்று வென்றது. செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில், திருவள்ளூர் பக்கம் காக்களூரில் திட்டம் தொடங்கியது. இதை ‘இலவசம்’ என்று கிண்டல் செய்த ஆங்கிலப் பத்திரிகைக் கட்டுரைகள் ஏராளம். எழுதியவர்கள் வீட்டில் தினமும் சட்னி அரைத்தது யார் என்று கேட்கத் தோன்றும். அம்மியில் குனிந்து அரைத்தவளுக்கு அந்தப் பெட்டி என்ன என்று எனக்குத் தெரியும். அதை வாங்கி வந்த நாளில் எங்கள் தெருவில் பெண்கள் அதற்குப் பொட்டு வைத்தார்கள். நானும் அதை அரசு செய்த நல்ல காரியங்களில் ஒன்றாகவே நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் யோசிக்க வைக்கிறது. என் அம்மா சிறுமியாக இருந்தபோது கூலிக்கார வீட்டில் இட்லி என்றால் தீபாவளி, பொங்கல். மற்ற நாளெல்லாம் கேழ்வரகுக் கூழ், கம்பங்கஞ்சி, பழையது. அதிலும் குத்தலும் இடித்தலும் உண்டு, ஆனால் காலையில் எழுந்து சட்டினி, சாம்பார், தோசை என்று யாரும் எதிர்பார்த்ததில்லை. கிரைண்டர் வந்தது, இட்லி தினசரி ஆனது. தோசைக்கு ஒரு சட்னி போதாது என்று ஆனது. பிள்ளைக்கு மதிய டப்பா ஒன்று, அவருக்கு ஒன்று. அமெரிக்காவில் ரூத் ஸ்வார்ட்ஸ் கோவன் 1983இல் வந்த தன் புத்தகத்தில் இதைத்தான் காட்டினார்: துணி துவைக்கும் எந்திரம் வந்ததும் துணி மாற்றும் தடவை கூடியது, தாயின் வேலை நேரம் நினைத்த அளவு குறையவில்லை. நம் நாட்டில் 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்கு ஒரு நாளில் 299 நிமிடம் செலவிட்டாள், ஆண் 97 நிமிடம். 2024 ஆய்வில் பெண் 289, ஆண் 88. ஐந்து வருடத்தில் எவ்வளவோ கருவிகள் வீட்டுக்குள் வந்தன. பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்தது, ஆணும் ஒன்பது நிமிடத்தைக் குறைத்துக்கொண்டார்.

மிக்சி கொடுத்த அந்த வருடங்களில்தான் தமிழ்நாடு மின்வெட்டில் தவித்தது. சென்னைக்கு ஓரிரு மணி நேரம், மற்ற ஊர்களுக்கு எட்டு மணி நேரத்துக்கும் மேல். நெய்வேலியின் வெளிச்சம் இரவில் வானத்தில் தெரியும் ஊர்களிலேயே விளக்கு எரியவில்லை. கரண்ட் எப்போது வருகிறதோ அப்போது அரைக்க வேண்டும் என்பதால் நடுராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து கிரைண்டர் போட்ட பெண்களை எனக்குத் தெரியும். அம்மி யாரையும் தூக்கத்திலிருந்து எழுப்பியதில்லை.

அம்மி வீட்டைவிட்டுப் போய்விட்டது, சடங்கைவிட்டுப் போகவில்லை. கல்யாண மண்டபத்தில் வாடகைக்கு ஒரு சின்ன அம்மி வைத்திருக்கிறார்கள். வீட்டில் மிக்சி உள்ள பெண்ணும் அதன்மேல் கால் வைத்து, கல் மாதிரி இருப்பேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். வயதுக்கு வந்த பெண்ணுக்குக் குறுக்கே போட உலக்கை இல்லாத வீட்டில் இரவல் வாங்கி வருகிறார்கள். வேலைக்கு வேண்டாத கருவி கட்டுப்பாட்டுக்கு மட்டும் வேண்டியிருக்கிறது. கூடவே ருசியின் பெயரால் ஒரு வழக்கு வேறு நடக்கிறது: அம்மியில் அரைத்த மாதிரி வருமா என்று. இதைச் சொல்பவர்களில் அம்மியில் அரைத்த ஒருவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை. சென்னையில் இயற்கை அங்காடிகளில் கைக்குத்தல் அரிசி சாதாரண அரிசியைவிடக் கூடுதல் விலை. ஆயா கூலியாக வாங்கிய அரிசி இன்று உடல்நலம் பார்ப்பவர்களின் உணவு. பாக்கெட்டின்மேல் உரல், உலக்கை, ஒரு கண்டாங்கிக்காரப் பெண்ணின் கோட்டோவியம் எல்லாம் இருக்கின்றன. அவள் கூலி என்ன என்பது இந்த முறையும் எழுதப்படவில்லை.

நடுநாட்டுச் சொற்களை அகராதியாகத் தொகுத்த கண்மணி குணசேகரன் விருத்தாசலம் பக்கத்து மணக்கொல்லைக்காரர். அந்த மாதிரி அகராதியைப் புரட்டும்போது கருவிகளின் பெயர்களில் என் கண் நிற்கிறது. வேலை போனால் சொல் போகிறது. சொல் போனால், அந்த வேலை ஒருத்தியின் பிழைப்பாக இருந்தது என்று சொல்வதற்கான சாட்சியும் போய்விடுகிறது. விருத்தாசலத்துக்காரரான இமையம் 1994இல் ‘கோவேறு கழுதைகள்’ எழுதினார். சேரி மக்களுக்குத் துணி வெளுக்கும் ஆரோக்கியம் அந்தப் பிழைப்பு கைநழுவிப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இழிவு என்று நாம் சொல்லும் வேலை ஒழிவதைக் கொண்டாடுவதா, அவள் சோறு போவதற்கு அழுவதா என்று தெரியாமல் அந்த நாவலை மூடி வைத்தவள் நான்.

பீங்கானுக்கு வருகிறேன், அது எங்கள் ஊரின் பெருமை ஆயிற்றே. இந்த மிக்சிகளும் மில்களும் ஓடிய வீடுகளில் சுவரில் வெள்ளையாக ஒரு ஃபியூஸ் கட்டை இருக்கும். விருத்தாசலத்துச் சூளைகளில் ஜாடியோடும் பொம்மையோடும் அகல் விளக்கோடும் இந்தக் கட்டைகளும் வெந்தன. எங்கள் மண்ணும் எங்கள் கரியும் ஒரு சுவரில் சந்தித்த இடம் என்று அதை நான் சிறுமியாக இருந்தபோது யாரும் சொல்லித்தரவில்லை. பழைய மண்பாண்டத் தொழிலில் சக்கரம் ஆணுடையது. மண் மிதிப்பதும் சலிப்பதும் பானையைச் சந்தைக்குச் சுமப்பதும் பெண். பட்டறையில் சக்கரம் போய் பிளாஸ்டர் அச்சும் மண்கூழும் வந்தன. இப்போது கை வித்தை தேவையில்லை, யார் வேண்டுமானாலும் அச்சில் ஊற்றலாம். ஆனாலும் நான் போய்ப் பார்த்த பட்டறைகளில் சூளையும் எந்திரமும் ஆண்களிடம் இருந்தன. அச்சிலிருந்து எடுத்ததில் பிசிர் சீவுவது, ஈரப் பஞ்சால் துடைப்பது, பொம்மைக்குக் கண் எழுதுவது பெண்களிடம். பிசிர் சீவும்போது எழும் தூளில் சிலிக்கா இருக்கிறது, வருடக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலுக்கு ஆகாது. முந்தானையை மூக்கில் சுற்றிக்கொண்டுதான் அவர்கள் பிள்ளையாருக்கும் கிருஷ்ணருக்கும் முகம் துடைக்கிறார்கள். வீடுகளில் ஃபியூஸ் கட்டைக்குப் பதில் தானாக விழும் சுவிட்சுகள் வந்ததும் கட்டைக்குத் தேவை குறைந்தது. இதைத் தொழில் நலிவு என்று எழுதுவார்கள். நலிவில் முதலில் நிறுத்தப்படுபவர் யார் என்று பட்டறை வாசலில் கேட்டால் தெரியும்.

வெளியூர்க்காரர்களுக்குக் கம்மாபுரம் என்றால் பீங்கானும் தெரியாது, முந்திரியும் தெரியாது. 2021 நவம்பருக்குப் பிறகு ‘ஜெய்பீம்’ தெரியும். முதனையைச் சேர்ந்த குறவர் சமூகத்து ராஜாகண்ணு 1993இல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் சித்திரவதையால் இறந்ததும், அவர் மனைவி பார்வதி வழக்கறிஞர் சந்துருவின் துணையோடு உயர் நீதிமன்றம் வரை போனதும் அந்தப் படத்துக்கு மூலம். படத்தில் அவர்கள் இருளர் ஆனார்கள், அவள் செங்கேணி ஆனாள். படம் தியேட்டருக்கு வரவில்லை, சந்தா கட்டியவர்களின் திரையில் வந்தது. பார்வதியின் நிலையில் இருந்த ஒரு பெண் தன் கதையைப் பார்க்க, அந்தத் திரை வைத்திருக்கும் ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார வேண்டும். இதை நான் இங்கே சொல்வதற்கு இன்னொரு காரணம், அவர்கள் அறுவடைக் கூலிகள். ஊர் விட்டு ஊர் போய்க் கதிர் அறுத்தவர்கள். அந்த வேலை இப்போது எங்கள் பக்கத்தில் ஏறக்குறைய இல்லை.

அறுவடை எந்திரம் வெளி மாவட்டத்திலிருந்து, சில சமயம் வெளி மாநிலத்திலிருந்து லாரியில் ஏறி வருகிறது. மணிக்கு இவ்வளவு என்று வாடகை. மேலே உட்கார்ந்திருப்பவர் ஆண், பேரம் பேசும் தரகர் ஆண். அறுத்து, கட்டி, சுமந்து, அடித்து, தூற்றி என்று ஒரு வயலில் பல நாள் பெண்கள் செய்த வேலை மதியத்துக்குள் முடிகிறது. கூலியாக நெல் வாங்கி வந்து குதிரில் கொட்டிய காலம் போய், நெல் விளையும் ஊரில் கூலிக்காரக் குடும்பம் ரேஷன் அரிசியில் நிற்கிறது. நடவு மட்டும் இன்னும் பெண்ணிடம் மிச்சம். சேற்றில் குனிந்து நிற்கும் எந்திரம் முழுசாக வந்து சேராததுதான் அதற்குக் காரணம், வேறு கருணை எதுவும் இல்லை.

என் வாதத்துக்கு எதிரான சாட்சிகளும் ஊரில் இருக்கின்றன. சாய்த்துக் கொட்டும் பெரிய கிரைண்டரைக் கடனில் வாங்கி, மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்று, இரண்டு பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிய பெண் எங்கள் தெருவிலேயே உண்டு. வீட்டு வேலை கூலி வேலையாக மாறியபோது எந்திரத்தை அவளே பிடித்துக்கொண்டாள். 2023இல், மறுபடியும் ஒரு செப்டம்பர் 15, மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை ஒரு கோடிக்கும் மேலான பெண்களுக்கு வரத் தொடங்கியது. உதவித்தொகை என்று பெயர் வைக்காமல் உரிமை என்று வைத்தார்கள். மிக்சி கொடுத்த அரசு அந்த மிக்சியில் நடக்கும் வேலையை வேலை என்று சொல்லவில்லை, இந்தச் சொல் அதை நோக்கி ஓரடி வைக்கிறது.

நூறு நாள் வேலை கடலூர் மாவட்டத்துக்கு முதல் கட்டத்திலேயே, 2006 பிப்ரவரியில் வந்தது. தமிழ்நாட்டில் அந்த வேலைக்குப் போனவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பெண்கள். அறுப்பு போன இடத்தை அது கொஞ்சம் நிரப்பியது. மில்லும் அறுவடை எந்திரமும் புக முடியாதபடி சட்டமே கையால் செய் என்று சொன்ன ஒரே வேலை. அதற்குள்ளும் எந்திரம் வந்தது, வேறு உருவத்தில். 2023 ஜனவரி 1 முதல் வருகைப் பதிவு கைப்பேசிச் செயலியில்தான் என்று கட்டாயமானது. காலையில் ஒரு படம், மதியத்துக்கு மேல் ஒரு படம், எந்த இடத்தில் எடுத்தது என்ற குறிப்போடு. மண் வெட்டி முடித்த பெண்ணும் இரண்டாவது படத்துக்காகக் காத்திருக்க வேண்டும். சிக்னல் இல்லையென்றால் படம் ஏறாது, படம் ஏறவில்லையென்றால் அன்றைக்கு அவள் வரவில்லை. 2024 தொடக்கத்திலிருந்து கூலியும் ஆதார் வழியாகத்தான் என்றார்கள்.

அந்தக் கைப்பேசியைப் பிடித்திருப்பவர் பணித்தளப் பொறுப்பாளர். எங்கள் பக்கத்தில் அவரும் பெரும்பாலும் பெண், பத்தாவதோ பன்னிரண்டாவதோ படித்தவர், அதே தெருக்காரர். எந்திரம் கடைசியில் பெண்ணின் கைக்கு வந்துவிட்டது என்று ஒருவர் சொல்லலாம். பல மாநிலங்களில் கைப்பேசியும் டேட்டாவும் அவர்களுடைய சொந்தச் செலவு என்ற புகார் இருக்கிறது. நேரம் தப்பினால் திட்டு மேலிருந்து அவருக்கு வரும், கூலி போனால் சாபம் கீழிருந்து அவருக்கு வரும். ஏரிக்கரையில் அவர் கையை உயரத் தூக்கி, ஒரு கோடு சிக்னலுக்காக மேட்டில் ஏறி நிற்பார். கீழே முப்பது பெண்கள் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தலைத்துண்டை விலக்கி, முகம் தெரிய வரிசையாக நிற்பார்கள். படம் எடுத்துவிட்டதா என்று ஒருத்தி கேட்பாள். சுத்துது, இன்னும் ஏறவில்லை என்று மேட்டிலிருந்து பதில் வரும்.